நத்தையின் கொம்பும் நரம்பின் வரலாறும்

தொல்காப்பிய மரபியல் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் ஆறு படிகள் வரைவது என் வழக்கம். முதற்படியில் புல், மரம். இரண்டாவதில் நத்தை, சிப்பி இனங்கள். மூன்றாவதில் கறையானும் எறும்பும். நான்காவதில் நண்டும் வண்டும். ஐந்தாவதில் விலங்குகள். ஆறாவதில் மனிதர். தொடுவுணர்வு, சுவை, மோப்பம், பார்வை, கேள்வி, மனம் என்று படிக்கொரு அறிவு கூடிக்கொண்டே போகும். வரைந்து முடித்துக் கையிலிருந்த சுண்ணப்பொடியைத் தட்டிவிட்டு, "இன்றைய விஞ்ஞானம் கண்டுபிடித்ததை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொல்காப்பியர் சொல்லிவிட்டார்" என்று முடிப்பேன். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இப்படியே சொல்லிவந்தேன். மாணவர் முகங்களில் ஒரு பெருமிதம் படரும். அதைப் பார்ப்பதில் எனக்கும் ஒரு சுகம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அந்தச் சுகம் முடிவுக்கு வந்தது. இளங்கலையில் விலங்கியல் படித்துவிட்டு முதுகலைக்குத் தமிழ் எடுத்திருந்த மாணவி ஒருத்தி, பாடம் நடத்திய மறுநாள் ஓர் எவர்சில்வர் டப்பாவுடன் வகுப்புக்கு வந்தாள். திருவண்ணாமலைக்குக் கடல் கிடையாது. ஆனால் மலையடிவாரத்தில் சமுத்திரம் என்ற பெயரில் ஓர் ஏரி உண்டு. அதன் கரையில் எடுத்த நத்தை ஒன்று டப்பாத் தண்ணீருக்குள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. "ஐயா, இதற்குக் கண் இருக்கிறது" என்றாள். குனிந்து பார்த்தேன். நீண்ட கொம்பின் அடியில் ஒரு குட்டைக் காம்பு. அதன் நுனியில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளி. இரண்டு பக்கமும் இருந்தது. "தண்ணீரின் தன்மையைச் சோதித்து அறியத் தனி உறுப்பும் இருக்கிறது ஐயா. அதையும் மோப்பம் என்றுதான் சொல்லவேண்டும். அப்படியானால் இதை எந்தப் படியில் வைப்பது?"

நான் விடை தேடிக்கொண்டிருந்தபோது அவள் ஓர் ஈர்க்குச்சியால் நத்தையின் கொம்பைத் தொட்டாள். சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. சற்றுநேரத்தில் வெளியே வந்தது. மீண்டும் தொட்டாள். மீண்டும் இழுத்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு முறை ஆனபின் நத்தை பொருட்படுத்தவில்லை. கொம்பு லேசாக அசைந்ததோடு சரி. பின்வரிசையிலிருந்து ஒருவன், "பழகிப்போச்சு ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. நான் "அது வேறு, இது வேறு" என்று எதையோ சொல்லி அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டேன். அன்று மாலை அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கியது. அதன்பின் கையில் கிடைத்ததையெல்லாம் படித்ததில், நீரில் வாழும் மிக எளிய உயிர்களின் நரம்புகளைப் பற்றி மனிதன் அறிந்துகொண்ட கதை, நம் ஆறு படிகளைவிடச் சிக்கலானது என்றும் சுவையானது என்றும் தெரிந்தது. அதையே இங்கு எழுத முயல்கிறேன்.

*

முதலில் மரபியலுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அந்த இயல் விலங்கியல் நூல் அன்று. எந்த உயிரின் இளமைக்கு என்ன பெயர், ஆணுக்கு என்ன பெயர், பெண்ணுக்கு என்ன பெயர் என்று சொல் வழக்கின் மரபைத் தொகுப்பது அதன் வேலை. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுப்பதும் அந்தத் தொகுப்பின் ஊடே வருகிறது. இந்த வகுப்புமுறை தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் முதலான சமண நூல்களிலும் ஓரறிவு தொடங்கி ஏறும் வரிசை உண்டு. புலன்களின் வரிசையும் இதுவேதான். எங்கள் மாவட்டத்தில் ஆரணிக்கும் போளூருக்கும் அருகே இருக்கும் திருமலைச் சமணக் குன்றுக்குப் போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். சமணருக்கு இவ்வரிசை அறத்தின் கணக்கு. எந்த உயிருக்கு எவ்வளவு நோகும், எதைக் கொல்வது எவ்வளவு பாவம் என்பதை அளக்கும் கோல் அது.

மரபியல் ஒவ்வொரு படியிலும் உயிர்களைப் பெயர் சொல்லிவிட்டு, அந்த இனத்தில் வேறு உயிர்களும் உண்டு என்று சொல்லிச் செல்கிறது. பட்டியல் மூடப்படவில்லை. ஆனால் பழைய உரையில் நாலறிவு பேசும் இடத்தில் ஒரு ஐயம் எழுப்பப்படுகிறது: நண்டுக்கு மூக்கு உண்டா? நல்ல கேள்வி. விடை காண ஒரு நண்டைப் பிடித்துப் பார்த்திருக்கலாம். உரை அப்படிச் செய்யவில்லை. ஆசிரியர் அதை நாலறிவில் வைத்திருப்பதால் மூக்கு உண்டு என்றே கொள்ளவேண்டும் என்று முடித்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், விடை சரியானதுதான். நண்டின் முகத்தில் இருக்கும் சிறு உணர்கொம்புகள் நீரில் கரைந்த வாசனைகளை அறிகின்றன. விடை சரி, வந்த வழி சரியில்லை. என் பதினைந்து ஆண்டுக் கரும்பலகை வாசகமும் இந்த உரையின் வழியில் வந்ததுதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

*

நரம்பு என்ற சொல்லையும் சற்றுப் பார்க்கவேண்டும். சங்கப் பாடல்களில் நரம்பு என்றால் பெரும்பாலும் யாழின் தந்தி. பேச்சு வழக்கில் இன்றும் கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயை நரம்பு என்கிறோம்; அதில் போடுவது நரம்பு ஊசி. இலைக்கும் நரம்பு உண்டு. கிரேக்க மொழியின் நியூரான் என்ற சொல்லுக்கும் தசைநார், வில்லின் நாண் என்பவையே பழைய பொருள்கள். இரு மொழிகளிலும் முறுக்கிக் கட்டிய ஒரு கயிறுதான் முதலில் இருந்தது. உணர்வைக் கடத்தும் இழை என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. ஒரு முனையைத் தொட்டால் மறுமுனை அதிரும் கயிறு என்று எண்ணினால், அதன் ஒரு முனையில் மூளை என்ற அரசன் அமர்ந்திருக்கவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. எளிய நீர்வாழ் உயிர்கள் கலைத்துப்போட்டது இந்த எண்ணத்தைத்தான்.

கதை 1740இல் ஹேக் நகருக்கு அருகே ஒரு பிரபுவின் மாளிகையில் தொடங்குகிறது. ஜெனீவாவைச் சேர்ந்த ஆபிரகாம் திரெம்பிளே அங்கே இரண்டு சிறுவர்களுக்கு ஆசிரியர். வாய்க்கால் நீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துவைத்து அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, நீர்ச்செடியில் ஒட்டிக்கொண்டிருந்த பச்சை நிறச் சிறு குழல் ஒன்றைக் கண்டார். இன்று நாம் ஹைடிரா என்று அழைக்கும் உயிர். அது செடியா, விலங்கா என்பது அவருடைய ஐயம். ஒரு சோதனை செய்யலாம் என்று நினைத்தார்: இரண்டாக வெட்டினால், செடியாக இருந்தால் இரண்டு துண்டும் வளரும், விலங்காக இருந்தால் சாகும். வெட்டினார். இரண்டு துண்டும் முழு உயிர்களாக வளர்ந்தன. ஆனால் அதே உயிர், கைகளை நீட்டி இரையைப் பிடித்தது, விழுங்கியது, குட்டிக்கரணம் போட்டு இடம் பெயர்ந்தது. அவருடைய கேள்விக்குள் அந்த உயிர் அடங்கவில்லை.

எனக்கு இதில் பிடித்தது அவர் அடுத்துச் செய்த காரியம். தாம் கண்டதை நம்புங்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. உயிருள்ள ஹைடிராக்களைப் பாரிசில் இருந்த ரெயோமூருக்கும் மற்ற அறிஞர்களுக்கும் அனுப்பிவைத்தார். நீங்களே வெட்டிப் பாருங்கள் என்றார். அவர்களும் வெட்டிப் பார்த்தார்கள். 1744இல் அவருடைய நூல் வெளிவந்தபோது அது ஊரறிந்த உண்மையாக இருந்தது.

ஹைடிராவுக்கு மூளை இல்லை. உடல் நெடுகத் தூவிவிட்டதுபோல் சில நூறு முதல் சில ஆயிரம் நரம்பணுக்கள், வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. இந்த வலை எதற்கு? ஒற்றை உயிரணுவால் ஆன அமீபாவுக்கு நரம்பு தேவையில்லை; தொட்டால் சுருங்கும், இரை கிடைத்தால் சூழ்ந்துகொள்ளும். பல்லாயிரம் உயிரணுக்கள் சேர்ந்து ஓருடம்பாகும்போதுதான் சிக்கல் வருகிறது. ஹைடிராவின் ஒரு கையில் நீர்ப்பூச்சி அகப்பட்டால், மற்றக் கைகள் அதை நோக்கி வளையவேண்டும், வாய் திறக்கவேண்டும், அந்நேரத்தில் உடல் பயந்து சுருங்கிவிடக் கூடாது. ஓரிடத்தில் நடந்தது மற்ற இடங்களுக்குத் தெரியவேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே காரியத்தைச் செய்யவேண்டும். நரம்பின் முதல் வேலை இந்த ஒருங்கிணைப்புத்தான். சிந்தனை எல்லாம் மிகப் பின்னால் வந்தது.

*

இதைக் கத்தி கொண்டு நிரூபித்தவர் ஜார்ஜ் ஜான் ரோமனெஸ். டார்வினின் இளம் நண்பர். 1870களில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் சொறிமீன்களை வைத்துச் சோதனைகள் செய்தார். நம் மீனவர்கள் சொறி என்று ஒதுக்கித் தள்ளும் அதே குடைவடிவ உயிர். குடை விரிந்து சுருங்குவதால்தான் அது நீந்துகிறது. நிலவுச் சொறி எனத்தக்க ஒரு வகையில் குடையின் விளிம்பில் எட்டுச் சிறு உணர்வுறுப்புகள் உண்டு. எட்டையும் வெட்டி எடுத்தால் குடையின் துடிப்பு நின்றது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் முழுக்குடையும் முன்போல் துடித்தது. அடுத்து, குடையைச் சுருள்சுருளாக வெட்டி நீண்ட நாடாவாக்கினார். அப்போதும் ஒரு முனையில் பிறந்த துடிப்பலை, வெட்டுகளைச் சுற்றிக்கொண்டு மறுமுனைவரை போய்ச் சேர்ந்தது. ஒற்றைக் கயிறாக இருந்தால் முதல் வெட்டிலேயே செய்தி அறுந்திருக்கவேண்டும். வலையில் ஒரு கண் கிழிந்தாலும் அடுத்த கண் வழியே செய்தி போகும். தம் ஆய்வுகளைத் தொகுத்து 1885இல் சொறிமீன், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றின் ஆதி நரம்பு மண்டலம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

ரோமனெஸ் நடத்தையிலிருந்து ஊகித்த வலையை ஜெர்மனியின் ஹெர்ட்விக் சகோதரர்கள் 1878இல் நுண்ணோக்கியில் விவரித்தார்கள். ஏறத்தாழ அதே நேரத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஷேஃபர் நிலவுச் சொறியின் நரம்பிழைகளைப் பார்த்துவிட்டு ஒரு விசித்திரமான செய்தி சொன்னார். இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி ஓடுகின்றன, ஆனால் இணைவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி.

இது சிறு செய்தி அன்று. மூளையின் நரம்புகள் ஒரே தொடர்ச்சியான பின்னலா, தனித்தனி அணுக்களா என்பதே அந்த நூற்றாண்டின் இறுதியில் நடந்த பெரிய வழக்கு. பின்னல் என்றவர் இத்தாலியின் கோல்ஜி. தனி அணுக்கள் என்றவர் ஸ்பெயினின் ராமோன் இ காகல். 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். கோல்ஜி அந்த மேடையிலும் தம் கட்சியை விடவில்லை. வழக்கில் வென்றது காகல். ஆனால் இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2023இல் சீப்புச் சொறி என்று சொல்லத்தக்க ஒரு கடலுயிரின் இளம் பருவத்தை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தவர்கள், அதன் தோலடி நரம்பு வலையில் அணுக்கள் இடைவெளியின்றி ஒன்றாகவே இணைந்திருப்பதைக் கண்டார்கள். நூறாண்டுகளுக்கு மேல் தோற்றவராகவே இருந்த கோல்ஜிக்குக் கடலின் ஒரு மூலையில் ஒரு சாட்சி இருந்திருக்கிறது.

*

இந்த வரலாற்றில் நம் கரைக்கு இடமில்லையா என்று கேட்டால், பாம்பனுக்கு அருகே இருக்கும் குருசடைத் தீவைக் காட்டவேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லி, 1927இல் இத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றி அருங்காட்சியக வெளியீடு ஒன்றைக் கொண்டுவந்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் கடல் உயிரியல் நிலையமும் அங்கே இயங்கியது. தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்கள் அத்தீவுக்குச் சுற்றுலா போனதன் முக்கியக் காரணம் ஒரு புழு. பலனோகிளாசஸ் என்று பாடநூல்கள் பொதுப்பெயரால் குறிக்கும் இனம். குருசடையில் கிடைப்பது டைகோடெரா ஃப்ளேவா என்ற வகை. மணலுக்குள் வளை தோண்டி வாழும். தொட்டால் துண்டாகிவிடும் மென்மை. கையில் எடுத்தால் அயோடின் போன்ற வாடை. இந்தத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

இப்புழுவினத்தைப் பற்றி நம்மவர் ஒருவர் அதற்கும் முன்பே எழுதியிருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த கே. ராமுண்ணி மேனன், இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே சென்னையில் கிடைத்த இவ்வினப் புழுக்களைப் பற்றி இங்கிலாந்து ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். பின்னாளில், 1928 முதல் 1934 வரை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் அவர். துணைவேந்தராக அவரை அறிந்த நாம், புழுவை ஆராய்ந்தவராக அறியவில்லை.

ஒரு புழுவுக்கு ஏன் இத்தனை மதிப்பு? 1880களில் வில்லியம் பேட்சன் என்ற இளைஞர் இவ்வினத்தின் வளர்ச்சியை ஆராய்ந்து, இது முதுகெலும்புள்ள உயிர்களுக்கு உறவு என்று வாதிட்டார். தொண்டையில் செவுள் துளைகள். கழுத்துப் பகுதியில் முதுகுப்புறமாக உள்ளிறங்கிக் குழல்போல் அமைந்த ஒரு நரம்பு வடம். அரைநாணிகள் என்ற பெயர் அப்படி வந்தது. ஆனால் உடலின் மற்றப் பகுதிகளில் இதன் நரம்புகள் தோலின் அடியில் வலையாகத்தான் கிடக்கின்றன. மூளை என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை.

2003இல் இதன் நெருங்கிய உறவான இன்னொரு புழுவில் ஓர் ஆய்வு நடந்தது. நம்முடைய மூளையும் தண்டுவடமும் கருவில் உருவாகும்போது, முன்மூளை இங்கே, நடுமூளை இங்கே, தண்டுவடம் இங்கே என்று வரிசைப்படுத்தும் மரபணுக்கள் உண்டு. அந்த மரபணுக்களில் இருபதுக்கும் மேற்பட்டவை, மூளையில்லாத அந்தப் புழுவின் தோல் நெடுக, தலையிலிருந்து வால்வரை, ஏறத்தாழ அதே வரிசையில் வேலை செய்துகொண்டிருந்தன. மூளை வருவதற்கு முன்பே அதற்கு வரிசை வகுக்கும் வரைபடம் இருந்திருக்கிறது. வேறு எதற்கோ பயன்பட்டிருக்கிறது. 2015இல் இரண்டு புழுக்களின் மரபணுத் தொகுதிகளும் முழுமையாகப் படிக்கப்பட்டு வெளியாயின. அவற்றில் ஒன்று குருசடைக்காரரான டைகோடெரா ஃப்ளேவா. மாதிரி எடுத்தது மட்டும் வேறு கடலில்.

*

ஏணி வரையும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. அரிஸ்டாட்டில் வழியில் மேற்கிலும் உயிர்களைப் படிகளாக அடுக்கினார்கள். 1919இல் அமெரிக்கரான ஜி. எச். பார்க்கர் ஆதி நரம்பு மண்டலம் பற்றி எழுதிய நூலும் ஒரு படிவரிசைதான்: நரம்பே இல்லாமல் தானே சுருங்கும் கடற்பஞ்சு முதலில், வலை மட்டும் கொண்ட கடல் சாமந்தி அடுத்து, பிறகு மையம் கொண்ட உயிர்கள். கவனமாகச் செய்த சோதனைகளின்மேல் கட்டப்பட்ட ஏணி அது. ஆயினும் ஒவ்வொரு படியிலும் பிற்காலத்தில் விரிசல் கண்டது.

கடற்பஞ்சுக்கு ஒரு நரம்பணுகூட இல்லை. ஆனால் நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் வேலை செய்யும் புரதங்கள் பலவற்றுக்கான மரபணுக்கள் அதனிடம் இருப்பதை 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஹைடிராவின் வலை ஒரே வலை என்று நினைத்திருந்தார்கள். 2017இல் துப்ரே, யூஸ்தே என்ற இருவர், நரம்பணு செயல்படும்போதெல்லாம் ஒளிரும்படி மாற்றிய ஹைடிராவைப் படம் பிடித்தார்கள். ஓருடம்பில் தனித்தனியாக மூன்று பெரிய வலைகள் வேலை செய்வது தெரிந்தது. ஒன்று உடல் நெடுகச் சுருங்கும்போது மின்னியது. ஒன்று ஒளியைக் கண்டு உடல் நீளும்போது. மற்றொன்று குறுக்காகச் சுருங்கும்போது. கண்ணே இல்லாத உயிர் ஒளியை அறிகிறது. நாக்கில்லாமல், இரையிலிருந்து கசியும் குளூட்டாதையோனைச் சுவைத்து வாய் திறக்கிறது. இதற்கு எத்தனை அறிவு என்று எண்ணுவது?

அதே 2017இல், தலைகீழாகக் கிடந்து துடிக்கும் காசியோப்பியா என்ற சொறிமீன் இரவில் துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது என்றும், இரவில் தொந்தரவு செய்தால் மறுநாள் சோர்ந்து கிடக்கிறது என்றும் கண்டார்கள். தூக்கம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயரில்லை. மூளைக்கு ஓய்வு தரத்தான் தூக்கம் என்று நம்பியிருந்தோம். மூளை இல்லாததும் தூங்குகிறது. 2023இல் கரீபியக் கடலின் அலையாத்திக் காடுகளில் வாழும் விரல்நகம் அளவிலான பெட்டிச் சொறி ஒன்றைச் சோதித்தார்கள். அதற்கு 24 கண்கள். நீருக்குள் நிற்கும் வேர்களில் சிலமுறை மோதியபின், எவ்வளவு தூரத்தில் திரும்பவேண்டும் என்று கற்றுக்கொண்டது. எளிய உயிர் என்ற சொல்லையே தயங்கித்தான் எழுதவேண்டியிருக்கிறது.

*

கடைசியாக நத்தைக்கு வருகிறேன். எரிக் காண்டல் 1929இல் வியன்னாவில் பிறந்தவர். யூதச் சிறுவனாக 1939இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர். அந்த நாட்களின் நினைவு ஏன் அழியவில்லை என்ற கேள்வி வாழ்நாள் முழுதும் தம்மோடு இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நினைவு என்பது உடலில் எங்கே, எப்படிப் பதிகிறது? இதற்கு விடை தேட 1960களில் அவர் தேர்ந்தெடுத்தது குரங்கையோ எலியையோ அன்று. கடல் முயல் என்று பெயர் பெற்ற, மேலோடு இழந்த, ஒரு பெரிய கடல் நத்தையை. மூளை ஆய்வாளர் பலருக்கு அது வீண்வேலையாகத் தோன்றியது. காண்டலுக்கோ அதன் நரம்பு மண்டலம் ஒரு வரம். சுமார் 20,000 நரம்பணுக்கள்தாம். அவற்றுள் சில, வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை.

கடல் முயலின் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் அது செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால் இழுப்பது குறைந்துகொண்டே வரும். காரணத்தை அவர் தேடிக் கண்டார். தொடுவதை உணரும் நரம்பணு, தசையை இயக்கும் நரம்பணுவிடம் கொடுக்கும் வேதிச் செய்தியின் அளவு குறைந்திருந்தது. வாலில் ஓர் அதிர்ச்சி கொடுத்தால் செய்தியின் அளவு கூடியது. பயிற்சி பல நாள் தொடர்ந்தால் அணுக்களிடையேயான சந்திப்புகளின் எண்ணிக்கையே மாறியது. நினைவு என்பது நரம்புகளுக்கிடையே உள்ள உறவின் மாற்றம் என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டத்தக்க சான்று அது. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படித்தபோது ஈர்க்குச்சியும் எவர்சில்வர் டப்பாவும் நினைவுக்கு வந்தன. பின்வரிசை மாணவன் சொன்ன "பழகிப்போச்சு" என்ற சொல்லைவிடப் பொருத்தமான சொல் ஆய்வுக் கட்டுரைகளிலும் இல்லை. ஆறாவது படியில் நாம் வைத்திருக்கும் மனத்தின் ஒரு முக்கிய வேலையை, இரண்டாவது படியில் நாம் உட்காரவைத்த உயிர்தான் நமக்கு விளக்கிற்று.

அதனால் தொல்காப்பியர் தவறிவிட்டார் என்று சொல்ல நான் வரவில்லை. சொல் மரபைத் தொகுத்த நூலை விலங்கியல் தேர்வுக்கு உட்காரவைத்து மதிப்பெண் போடுவதே நம் தவறு. நூறு மதிப்பெண் போட்டாலும் தவறுதான். உயிரை அது என்ன உணர்கிறது என்பதைக்கொண்டு வகுக்கலாம் என்று எண்ணியது ஒரு பெரிய தொடக்கம். பட்டியலை மூடாமல், இன்னும் உண்டு என்று விட்டுவைத்தது அதைவிடப் பெரிது. அன்றே சொல்லிவிட்டார் என்ற நம் வாசகம் அந்தக் கதவைத்தான் சாத்துகிறது. எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது என்றால், ஏரிக்கரைக்குப் போய் நத்தையைப் பிடித்துவர எந்த மாணவிக்குத் தோன்றும்? ராமுண்ணி மேனன் புழுவைப் பார்த்தது எதற்காக? தமிழ் வகுப்பில் நாம் ஊட்டும் பெருமிதம், கேள்வியைக் கொல்லும் விலைக்குத்தான் வருகிறதென்றால், அந்தப் பேரத்தில் நட்டப்படுவது தமிழும்தான்.

இப்போதும் மரபியல் நடத்தும்போது ஆறு படிகளை வரைகிறேன். வரைந்தபின் பழைய வாசகத்தைச் சொல்வதில்லை. நண்டின் மூக்கு பற்றிய உரையாசிரியரின் ஐயத்தைச் சொல்லி, அதற்கு அவர் தந்த விடையையும் சொல்லி, வேறெப்படி விடை கண்டிருக்கலாம் என்று கேட்கிறேன். பாடத்தை மழைக்காலத்துக்கு ஒதுக்கிவைத்துக்கொள்கிறேன். கோடையில் சமுத்திரம் ஏரியில் நீர் வற்றும்போது நத்தைகள் சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் மூடியை இறுகச் சாத்திக்கொண்டு, அடுத்த மழைவரை அசையாமல் கிடக்கும். அப்போது எவ்வளவு தொட்டாலும் பயனில்லை. ஐப்பசியில் நீர் ஏறியதும் யாராவது ஒரு மாணவர் டப்பாவோடு வருகிறார். ஈர்க்குச்சியை அவர் கையில் கொடுத்துவிட்டு, எத்தனை முறை தொட்டபின் அது பழகுகிறது என்று எண்ணச் சொல்கிறேன். எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுகிறது. அதைக் கரும்பலகையில் படிகளுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறோம்.